இரண்டாம் தடவை கேட்காத ஊர்

1

போன செவ்வாய்க்கிழமை எனக்கு ஒரு பதவி தேடி வந்தது. நான் அதை "வேண்டாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஆசை இல்லாமல் சொல்லவில்லை. அதற்காகவே நாலு மாதம் கடையில் ஒருவருக்கும் தெரியாமல் படித்து, பரீட்சை எழுதி, பாஸும் செய்து வைத்திருந்தேன். அப்புறம் ஏன் வேண்டாம் என்றாய் என்று நீங்கள் கேட்டால், நீங்கள் அருப்புக்கோட்டைப் பக்கம் இல்லை. எங்கள் பக்கத்து ஆட்கள் கேட்க மாட்டார்கள். "ஆமா, பின்ன, கேட்டவுடனே சரின்னா சொல்லுவாக?" என்பார்கள்.

என் பெயர் ராஜேஸ்வரி. பிறந்தது எம்.ரெட்டியபட்டி. ஹூஸ்டனுக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. வீட்டுக்காரர் ஒரு பெரிய கிட்டங்கியில் லோடு ஏற்றி இறக்குவதை மேற்பார்வை செய்கிறார். ஒரே மகள் தாரணிக்குப் பதினேழு வயது. நான் ஆறு வருடமாக ஒரு கேஜன் சாப்பாட்டுக் கடையில் சமைக்கிறேன். பக்கத்து மாநிலமான லூசியானாவில் சதுப்பு நிலத்துக்காரர்கள் சமைக்கிற சமையலுக்கு கேஜன் என்று பெயர். காரம் உண்டு, சோறு உண்டு, மீன், இறால், நண்டு எல்லாம் உண்டு. கூடவே பார் உண்டு.

இந்தக் கடைசி உருப்படியைத்தான் ஊருக்கு விளக்க முடியவில்லை. நாங்கள் "ஹோட்டல்" என்று மட்டும்தான் சொல்லிவைத்திருந்தோம். எப்படியோ தெரிந்துபோய், பாலவனத்தத்தில் இருக்கும் என் நாத்தனார் போன் செய்தாள்.

"மதினி, பார்ல வேலைன்னு சொல்றாகளே, நெசமா?"

குரலைத் தாழ்த்தித்தான் கேட்டாள். ஆனால் பின்னால் நாலு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது எனக்குக் கேட்டது. நான் பொறுமையாக விளக்கினேன். இங்கே பார் என்றால் நம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பார் மாதிரி இல்லை, கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு குடும்பத்தோடு வருவார்கள், பிள்ளைகளுக்கு முதலைப் படம் போட்ட தாளும் கலர் பென்சிலும் கொடுப்போம், ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் பாட்டிமார்கள் தொப்பி வைத்துக்கொண்டு கூட்டமாக வந்து இறங்குவார்கள் என்றேன்.

"ஆம்பள பொம்பள எல்லாம் ஒண்ணாவா?"

"ஆமா."

"நல்ல ஊரு மதினி," என்றாள். அது பாராட்டா திட்டா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

2

கடையின் முதலாளி மிஸ் வெர்னா. லூசியானாக்காரர், அறுபத்தெட்டு வயது. அவர்கள் பக்கத்தில் மூத்தவர்களை வெறும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, முன்னால் ஒரு "மிஸ்" போடுவார்கள். நாம் பின்னால் "அக்கா" போடுவதை அவர்கள் முன்னால் போடுகிறார்கள், அவ்வளவுதான். சேர்ந்து கொஞ்ச நாளில் நானும் மிஸ் ராஜி ஆனேன். பிரியமானவர்களை அவர் "ஷா" என்பார். நம் "கண்ணு" மாதிரி.

முதல் நாள் என்னிடம் ஒரு கூடை வெண்டைக்காயைக் கொடுத்து, "நறுக்கி வதக்கி வை" என்றார். வெண்டைக்காய் எனக்குப் புதுசா? கழுவி, ஒவ்வொன்றாகத் துணியில் துடைத்து, ஃபேனுக்கு அடியில் ஆற விட்டு, நறுக்கி, ஒரு கரண்டி தயிர் கிடைக்குமா என்று தேடி, கிடைக்காததால் எலுமிச்சம்பழம் பிழிந்து, நூல் அறுகிறவரை கிண்டிக் கிண்டி வதக்கினேன். கடைசியில் வழவழப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. என் மாமியார் பார்த்திருந்தால் முதல் தடவையாக என்னைப் பாராட்டியிருப்பார்.

மிஸ் வெர்னா வந்து பார்த்தார். தலையில் கை வைத்துக்கொண்டார். அந்த வெண்டைக்காய் கம்போவுக்கு. கம்போ அவர்கள் ஊர்க் குழம்பு. மாவை எண்ணெயில் போட்டு, அடுப்பை விட்டு நகராமல் கருப்பட்டி நிறம் வரும்வரை வறுத்து, கோழியும் இறாலும் சேர்த்துக் கொதிக்கவிடுவார்கள். அந்தக் குழம்பைத் திக்காக்குவதே வெண்டைக்காயின் வழவழப்புதான். அவருக்கு எது வேண்டுமோ அதை நான் ஒரு மணி நேரம் பாடுபட்டு விரட்டி அடித்திருந்தேன்.

"உங்க ஊர்ல வெண்டைக்காய் மேல அப்படி என்ன கோபம்?" என்று கேட்டார்.

கொட்டிவிடுவார் என்று பயந்தேன். அவர் உப்பும் மிளகாய்த் தூளும் தூவி, சின்னச் சின்னத் தட்டில் போட்டு பாருக்கு அனுப்பினார். பீர் குடித்தவர்கள் இன்னொரு தட்டு கேட்டார்கள். இப்போது பார் மெனுவில் "மிஸ் ராஜி வெண்டைக்காய்" என்றே இருக்கிறது. இதை நாத்தனாரிடம் இன்னும் சொல்லவில்லை. இதைப் படிக்கிறவர்கள் யாரும் போய்ச் சொல்லிவிட வேண்டாம்.

3

இப்போது "வேண்டாம்" விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனால் எப்படி?

"காப்பி குடிக்கிறீகளா?"

"வேண்டாம், இப்பத்தான் குடிச்சிட்டு வாரோம்."

"அட, ஒரு வாயி."

"வேண்டாம் மதினி, சும்மா இருங்க."

"பால வச்சாச்சு, உக்காருங்க."

அதற்கப்புறம்தான் உட்காருவது. முதல் "வேண்டாம்" மரியாதை. இரண்டாவது "வேண்டாம்" கேட்கிறவர் நிஜமாகத்தான் கேட்கிறாரா என்று பார்ப்பதற்கு. மூன்றாவது தடவையும் வேண்டாம் என்றால்தான் வேண்டாம், அன்றைக்கு வயிறு சரியில்லை என்று அர்த்தம். என் சித்தப்பா ஒருவர் மல்லாங்கிணற்றில் பெண் பார்க்கப் போன இடத்தில் பஜ்ஜியை முறைப்படி இரண்டு தடவை மறுத்தார். மூன்றாவது தடவை கேட்பதற்குள் கரண்டு போய், அந்தத் தடுமாற்றத்தில் தட்டு உள்ளே போய்விட்டது. அந்தச் சம்பந்தம் தட்டிப்போனதற்கு ஜாதகம் காரணம் என்று வெளியே சொல்லிக்கொண்டார்கள்.

இந்தப் பழக்கத்தை நான் கப்பல் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். கடையில் மதியம் மூன்று மணிக்கு வேலையாட்கள் சாப்பிடும்போது பரிமாறுவது நான்தான். பார் வேலை பார்க்கும் டெரெக், ஆறடி இரண்டு அங்குலம், கழுத்துவரை பச்சை குத்தியவன், முதல் நாள் "போதும்" என்றான். நான் ஒரு கரண்டி வைத்தேன். "நிஜமாவே போதும்" என்றான். இன்னொரு கரண்டி வைத்தேன். மூன்றாவது கரண்டியை அவன் என்னைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டான். பயந்துபோய்ச் சாப்பிட்டதாகப் பிற்பாடு மற்றவர்களிடம் சொல்லியிருக்கிறான்.

மிஸ் வெர்னாவுக்கு இதெல்லாம் பிடிக்கும். அவர்கள் ஊரிலும் வாங்கியதற்கு மேல் ஒரு கை கூடப் போடுகிற பழக்கம் உண்டாம். "லான்யாப்" என்று அதற்குப் பேர் சொன்னார். "எங்க ஊர்ல கொசுறு" என்றேன். "கோசூரு" என்று நாலு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். கொசுறு போடத் தெரிந்தவருக்கு மூன்று தடவை கேட்கவும் தெரியும் என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன். அங்கேதான் தப்புப் பண்ணினேன்.

4

எங்கள் கிச்சன் மேனேஜர் பேரக்குழந்தையோடு இருக்கப்போவதாகச் சொல்லி வேலையை விடுவது நாலைந்து மாதம் முன்பே தெரியும். இந்த ஊரில் சமையல்கட்டை நடத்த ஒரு பரீட்சை பாஸ் செய்திருக்க வேண்டும். நான் விண்ணப்பம் போட்டேன். முதல் பெயர், கடைசிப் பெயர் என்று கேட்டார்கள். என் பாஸ்போர்ட்டில் கடைசிப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அப்பா பெயர் இருக்கிறது. ஆகவே எல்லாக் கடிதமும் "அன்புள்ள பெருமாள்சாமி" என்றே வந்தது. "பெருமாள்சாமி, உங்கள் தேர்வு நாள் நெருங்குகிறது." "பெருமாள்சாமி, அடையாள அட்டை கொண்டுவர மறக்காதீர்கள்." அஞ்சாப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்ட என் அப்பா, டெக்ஸாஸில் பரீட்சைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

தாரணிதான் கேள்வி கேட்டுப் படிக்கவைத்தாள். கோழி எத்தனை டிகிரி வேக வேண்டும், சோற்றை எத்தனை மணி நேரம் வெளியே வைக்கலாம், கை கழுவ எத்தனை வினாடி. நான் பாஸ் செய்தேன். சான்றிதழில் பெருமாள்சாமி என்பது என் பெயரைவிடப் பெரிதாகத் தெரிந்தது. அதை மடிக்காமல் கைப்பையில் வைத்துக்கொண்டு, மிஸ் வெர்னாவே கேட்கட்டும் என்று காத்திருந்தேன். நாமாகப் போய் நீட்டினால் நன்றாகவா இருக்கும்?

செவ்வாய்க்கிழமை மதியம், கூட்டம் ஓய்ந்த நேரம். மிஸ் வெர்னாவும் நானும் பார் மேசையில் உட்கார்ந்து முள்கரண்டி, கத்தியை வைத்து நாப்கின் சுருட்டிக்கொண்டிருந்தோம்.

"மிஸ் ராஜி, கிச்சனை நீ எடுத்து நடத்துறியா?" என்று கேட்டார்.

நான் தலையைக் குனிந்து, சிரித்துக்கொண்டே, "ஐயோ, நானா? வேண்டாம் மிஸ் வெர்னா. எனக்கென்ன தெரியும்?" என்றேன்.

"சரி ஷா," என்றார்.

நான் அடுத்த தடவைக்காகக் காத்திருந்தேன். ஒரு நாப்கின் சுருட்டினேன். இன்னொன்று சுருட்டினேன். ஏழு நாப்கின் ஆனது. அவர் பாட்டுக்குச் சுருட்டிக்கொண்டிருந்தார். பிறகு எண்ணெய்ச் சட்டிப் பக்கம் திரும்பி, "கார்லோஸ்!" என்றார். கார்லோஸ் ஹொண்டுராஸ்காரர், நல்ல மனிதர், என்னோடு நாலு வருடமாக நிற்கிறார். அவரிடம் அதே கேள்வியைக் கேட்டார். கேள்வி முடிவதற்கு முன்பே அவர் "சரி" என்றுவிட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். எல்லோரையும்விட பலமாகத் தட்டியது நான்.

5

ராத்திரிச் சாப்பாட்டில் வீட்டில் சொன்னேன். தாரணி முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் கோபம் வந்துவிட்டது.

"அம்மா, உனக்கு அந்த வேலை வேணுமா, வேண்டாமா?"

"வேணும்."

"அப்ப ஏன் நோ சொன்ன?"

"மரியாதைக்குடீ. இன்னொருக்கா கேப்பாகன்னு நெனச்சேன்."

"அவங்களுக்கு எப்படித் தெரியும்? நீ வேண்டாம்னு சொன்ன, அவங்க உன்னை மதிச்சு விட்டுட்டாங்க. அதுதான் இங்க மரியாதை." மூச்சு வாங்கிக்கொண்டு, "நான் வேண்டாம்னு சொன்னா வேண்டாம்னுதாம்மா அர்த்தம். நீ அப்புறமும் ரெண்டு தோசை வெக்கிற. நான் சின்னப் பிள்ளையிலேருந்து வயித்தப் பிடிச்சுக்கிட்டுச் சாப்பிடுறேன்," என்றாள்.

என் வீட்டுக்காரர் தட்டைப் பார்த்தபடி, மெதுவாக, "எனக்கும் மூணே போதும்," என்றார். பத்தொன்பது வருடக் குடித்தனத்தில் அன்றைக்குத்தான் சொல்கிறார்.

"சரி, நீ வந்து மிஸ் வெர்னாகிட்ட நம்ம ஊரு வழக்கத்தை எடுத்துச் சொல்லு," என்றேன் மகளிடம். ஆங்கிலம் அவளுக்குத்தானே தண்ணீர் பட்டபாடு.

"மாட்டேன். நீயே சொல்லு."

"சொல்லுடி, என் தங்கமில்ல."

"மாட்டேன்."

"எனக்காக ஒரே ஒரு தடவ."

"மாட்டேம்மா. மூணு தடவ ஆச்சு," என்று தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் வளர்த்த பிள்ளை, என் சட்டத்தை வைத்தே என்னை மடக்கிவிட்டுப் போகிறது. கோபமாகவும் இருந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

6

மறுநாள் காலை காரில் வேலைக்குப் போகும்போது, ஒரு சிக்னலில், எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. எங்கள் ஊரில் மூன்று தடவை கேட்பார்கள் என்று பத்து வருடமாக இந்த ஊர்க்காரர்களிடம் பீற்றிக்கொண்டிருக்கிறேன். என்னை ஒரே ஒரு தடவைதான் கேட்டார்கள்.

பிளஸ் டூ ரிசல்ட்டு வந்த வாரம். பள்ளிக்கூடத்தில் நான் இரண்டாவது. அருப்புக்கோட்டையில் காலேஜ் விண்ணப்பம் கொடுக்கிறார்கள் என்று டீச்சர் அப்பாவிடம் சொல்லியிருந்தார். அப்பா பருத்திக் காட்டிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டே, "காலேசுக்குப் போறியா தாயி?" என்று கேட்டார். காலையில் எத்தனை மணி பஸ்ஸு, எந்தப் பக்கம் உட்கார்ந்தால் வெயில் அடிக்காது என்பது வரைக்கும் நான் யோசித்து வைத்திருந்தேன். இருந்தாலும் பொம்பளைப் பிள்ளை பொசுக்கென்று சரி என்று சொல்லலாமா? "வேண்டாம்ப்பா. வீட்டுல வேல கெடக்குல்ல," என்றேன்.

"சரித்தா," என்றார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு மோட்டாரைப் பார்க்கப் போய்விட்டார்.

அடுத்த தடவை கேட்கும்போது என்ன சொல்வது, அதற்கடுத்த தடவை எப்படி அரைமனசாகச் சம்மதிப்பது என்று எல்லாம் தயாராக இருந்தேன். சாப்பிடும்போது கேட்பார் என்று பார்த்தேன். மறுநாள் கேட்பார் என்று பார்த்தேன். விண்ணப்பம் வாங்கக் கடைசி நாளும் போனது. காப்பிக்கும் பஜ்ஜிக்கும் மூன்று தடவை கேட்கிற ஊர், படிப்புக்கு ஒரு தடவை கேட்டு முடித்துக்கொண்டது. இத்தனை வருடமாக அதை நான் எனக்கே சொல்லிக்கொண்டதில்லை. பின்னால் இருந்தவன் ஹாரன் அடித்த பிறகுதான் பச்சை விழுந்திருப்பதைப் பார்த்தேன்.

7

கடைக்குப் பின்னால் மிஸ் வெர்னா கிராஃபிஷ் மூட்டையைக் குழாய்த் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தார். கிராஃபிஷ் இறாலுக்கும் நண்டுக்கும் பிறந்தது மாதிரி இருக்கும், உயிரோடு மூட்டையில் வரும். நான் கைப்பையைக்கூட வைக்காமல் நேராகப் போய் நின்றேன்.

"மிஸ் வெர்னா, நேத்துக் கேட்டதை இன்னொரு தடவை கேளுங்க."

"எதை?"

"கிச்சனை எடுத்து நடத்துறியான்னு."

"நீ வேண்டாம்னியே?"

"அது எங்க ஊர் வேண்டாம்," என்றேன். அவர் குழாயை மூடினார். காரில் வரும்போது மனப்பாடம் செய்ததைச் சொன்னேன். "எனக்கு அந்த வேலை வேணும். பரீட்சை பாஸ் பண்ணிட்டேன்." சான்றிதழை எடுத்து நீட்டினேன். "எனக்கு வேணும்" என்று ஒருவர் முகத்துக்கு நேராக நான் சொன்னது என் நாற்பத்து மூன்று வயதில் அதுதான் முதல் தடவை. வெட்கமாக இருந்தது. சொல்லி முடித்ததும் தெம்பாகவும் இருந்தது.

அவர் ஈரக் கையை உடுப்பில் துடைத்துக்கொண்டு வாங்கிப் படித்தார்.

"பெருமாள்சாமி யாரு?"

"அப்பா."

"கார்லோஸுக்கு வாக்குக் கொடுத்துட்டேனே ஷா. இப்ப எப்படி இல்லைன்னு சொல்றது?" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்கப் பார்த்தேன், முடியவில்லை.

எலுமிச்சம்பழப் பெட்டியோடு பின்னால் வந்த கார்லோஸ் எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். பெட்டியை இறக்கி வைத்தார். தான் இன்னும் பரீட்சையே எழுதவில்லை என்றும், புத்தகத்தைத் திறந்தாலே தூக்கம் வருகிறது என்றும், மதியம் மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவர வேண்டும் என்றும் சொன்னார். "பகல்ல மிஸ் ராஜி பாக்கட்டும். சாயங்காலத்துக்கு மேல நான் பாக்குறேன், பரீட்சையையும் எழுதிடுறேன்," என்றார்.

உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? அந்த நிமிடத்தில்கூட "வேண்டாம் கார்லோஸ், உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்பது என் தொண்டைவரை வந்துவிட்டது. எச்சிலோடு விழுங்கினேன்.

"சரி," என்றேன். ஒரே தடவையில்.

ஆக, பகல் பொழுதுக்கு நான் மேனேஜர். மறு பாதியை என் வாயால் நானே கொடுத்ததாக வைத்துக்கொள்கிறேன். அன்று மதியம் டெரெக் "போதும்" என்றதும் கரண்டியைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டேன். அவன் சந்தேகத்தோடு பார்த்தான். அப்புறம் அவனாகவே தட்டை நீட்டி இன்னும் கொஞ்சம் கேட்டான்.

8

சனிக்கிழமை காலை அப்பாவுக்கு வீடியோ போன் போட்டேன். அங்கே பொழுது சாய்ந்து விளக்கு வைத்த நேரம். எடுத்ததும் வழக்கம்போல, "மழை உண்டா தாயி?" என்றார்.

"நேத்துப் பூராம் ஊத்துச்சுப்பா."

"ம், வேண்டாத ஊருக்குத்தான் பெய்யும். பாதிய இங்கிட்டு அனுப்பி விடு."

பதவி விஷயத்தைச் சொன்னேன். எனக்குக் கீழே எத்தனை பேர் என்று கேட்டார். ஒன்பது பேர் என்றேன். ஆம்பளைகளுமா என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அடி ஆத்தி!" என்று சிரித்தார். சான்றிதழில் அவர் பெயர் இருப்பதைக் காட்டினேன். போனை மூக்கோடு வைத்துப் பார்த்தார். எப்படிக் கிடைத்தது என்று கேட்டார். வேண்டாம் என்றது, நாப்கின் சுருட்டியது, மறுநாள் போய்க் கேட்டது என்று எல்லாவற்றையும் சொன்னேன். கார்லோஸ் கேள்வி முடியுமுன் சரி என்றதற்கு இருமல் வரும்வரை சிரித்தார். அவர் சிரிப்பு ஓய்ந்ததும் நான் கேட்டேன்.

"அன்னைக்கிக் காலேசுக்குப் போறியான்னு கேட்டீகள்ல. ஏம்ப்பா ரெண்டாந்தடவ கேக்கல?"

எந்த அன்றைக்கு என்று அவர் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கேட்ருந்தா நீ சரின்ருவியேத்தா," என்றார். "அதுக்குப் பயந்துதான் கேக்கல."

எனக்குக் கோபம் வந்தது. நிஜமாகவே வந்தது. இருபத்தைந்து வருடத்துக்கு முன்பு நான் சொன்ன பதிலைத்தான் மூன்று நாளாகக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பா அதைப் பிடித்துக்கொண்டு தப்பித்திருக்கிறார். திட்டலாம் என்று வாயைத் திறந்தால், திரையில் இருந்த மனிதர் போனைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் அது இத்தனை வருடம் தொண்டையிலேயே நின்றிருக்கிறது என்று தெரிந்தது. அங்கே யாரோ டிவி சத்தத்தைக் குறைத்தார்கள்.

"சாப்பிட்டியா தாயி?" என்றார் கடைசியில்.

"சாப்பிட்டேன்ப்பா," என்றேன், பழக்கத்தில். பல் தேய்த்ததோடு சரி, காப்பிகூடக் குடிக்கவில்லை.

அப்பா திரைக்குப் பக்கத்தில் வந்தார்.

"நெசமாவே சாப்பிட்டியா?"

"இல்லப்பா," என்றேன். "பசிக்குது."